11.9 லட்சம் என்ற சண்டையில் யாரும் பார்க்காத அட்டவணை

கொரோனாவைப் பற்றிப் பேச இப்போது யாருக்கும் விருப்பமில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. 2024 ஜூலையில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆஷிஷ் குப்தா, சங்கீதா வியாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எழுதியது. 2020ல் இந்தியாவில் வழக்கத்தைவிட 11.9 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அரசுக் கணக்கில் அந்த ஆண்டு கொரோனா மரணங்கள் சுமார் 1.5 லட்சம். ஏறக்குறைய எட்டு மடங்கு வித்தியாசம். மத்திய சுகாதார அமைச்சகம் உடனே மறுப்பு வெளியிட்டது. டிவி, ட்விட்டர் எல்லாம் இரண்டு நாள் சூடாக இருந்தது, அப்புறம் எல்லாரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கட்டுரையையும் மறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புரியும். இரண்டு தரப்பும் சண்டை போட்டது மொத்த எண்ணிக்கைக்காக. ஆனால் அந்தக் கட்டுரையின் கனமான பகுதி மொத்தம் அல்ல, அதற்குள்ளே இருக்கும் பிளவு. 2019ஐவிட 2020ல் சராசரி ஆயுட்காலம் 2.6 ஆண்டு குறைந்தது என்கிறார்கள். ஆண்களுக்கு 2.1, பெண்களுக்கு 3.1. சாதி, மத வாரியாகப் பிரித்தால் உயர்சாதி இந்துக்களுக்கு 1.3 ஆண்டு, பட்டியல் சாதியினருக்கு 2.7, பழங்குடியினருக்கு 4.1, முஸ்லிம்களுக்கு 5.4. ஒரே நாடு, ஒரே வைரஸ், ஒரே ஊரடங்கு. இழப்பு மட்டும் நான்கு மடங்கு வரை வேறுபடுகிறது.

மேலே போகும் முன் இந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 5.4 ஆண்டு குறைந்தது என்றால் ஒவ்வொருவரும் ஐந்தரை வருஷம் முன்னாடியே சாவார்கள் என்று அர்த்தம் இல்லை. அந்த ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் நிலவிய இறப்பு விகிதம் அப்படியே என்றைக்கும் தொடர்ந்தால், இன்று பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை வருஷம் வாழும் என்பதுதான் கணக்கு. நடைமுறையில் அது அந்த ஆண்டுக்கான ஒரு காய்ச்சல்மானி மாதிரி. இதில் ஒரு விசேஷம் உண்டு: சின்ன வயது மரணம் இந்த எண்ணை அதிகமாக இழுக்கும். எண்பது வயது முதியவர் இறந்தால் சில வருஷங்கள்தான் கழியும், இரண்டு வயதுக் குழந்தை இறந்தால் அறுபது எழுபது வருஷம் கழியும். ஆகவே பெரிய சரிவைப் பார்க்கும்போது கொரோனாவில் இறந்த முதியவர்களை மட்டும் நினைக்கக் கூடாது. கொரோனாவே வராமல், பஸ் ஓடாததால், பிரசவ வார்டு மூடியதால் போன உயிர்களும் அதற்குள் இருக்கலாம். குழந்தைகளிடையேயும் முதியவர்களிடையேயும் இறப்பு கூடியதாகவே கட்டுரையும் சொல்கிறது.

இப்போது அமைச்சகத்தின் மறுப்புக்கு வருவோம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆய்வாளர்கள் பயன்படுத்தியது தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, அதாவது என்.எஃப்.எச்.எஸ்-5. வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் யாராவது இறந்தார்களா, எந்த வயதில், எப்போது என்று கேட்ட ஆய்வு. கொரோனாவால் களப்பணி பாதியில் நின்று மீண்டும் தொடங்கியது. 2021ல் பேட்டி எடுத்த வீடுகளை மட்டும் தனியாக எடுத்து, அதே வீடுகளில் 2019ல் எத்தனை மரணம், 2020ல் எத்தனை என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். புத்திசாலித்தனமான வழி. அரசே திரட்டிய தரவு, அரசே கேட்ட கேள்வி. ஆனால் அது 14 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் மட்டுமே. முழு ஆய்வின் வீடுகளில் 23 சதவீதத்தை வைத்துக்கொண்டு நாடு முழுவதற்கும் எப்படிச் சொல்லலாம் என்று அமைச்சகம் கேட்டது. நியாயமான கேள்விதான். களப்பணி முதல் கட்டத்திலேயே முடிந்துவிட்டதால் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், கேரளம் எதுவும் இந்தக் கணக்கில் வர வழியில்லை. 2020ல் அதிகம் அடிபட்ட மகாராஷ்டிரம் இல்லாத மாதிரியை வைத்து இந்தியாவுக்கு மொத்தம் போடுவது துணிச்சலான வேலை. உலக சுகாதார நிறுவனம் அதே 2020க்குச் சொன்னது சுமார் 8.3 லட்சம். மொத்தத்தைப் பொறுத்தவரை நான் அந்த 11.9ஐ ஒரு பெரிய பிழை வரம்போடுதான் எடுத்துக்கொள்வேன்.

சரி, மொத்தம் ஆட்டம் கண்டால் உள்ளே இருக்கும் இடைவெளியும் ஆடுமா? கண்டிப்பாக ஆடும் என்று சொல்ல முடியாது. தராசு நூறு கிராம் கூடக் காட்டினாலும் இரண்டு மூட்டையில் எது கனம் என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம். ஆனால் தராசு ஒரு மூட்டைக்குக் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் காட்டினால் விஷயம் வேறு. அப்படி ஆகியிருக்குமா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி, அமைச்சகத்தின் மறுப்பு அந்தப் பக்கம் அழுத்திப் போகவே இல்லை.

எனக்குத் தோன்றிய சந்தேகங்கள் மூன்று. 2021ல் கேட்கும்போது 2020ல் நடந்த சாவு நன்றாக ஞாபகம் இருக்கும், 2019ல் நடந்தது கொஞ்சம் மங்கும். ஒரு சமூகத்தில் இந்த மறதி அதிகமென்றால் அந்தச் சமூகத்தின் சரிவு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். அடுத்தது இடம். முஸ்லிம்களும் பழங்குடியினரும் நாடு முழுக்கச் சமமாகப் பரவி வாழவில்லை. இந்த மாதிரியில் அவர்கள் இருக்கும் மாவட்டங்களே மோசமாக அடிபட்ட மாவட்டங்கள் என்றால், இடைவெளியில் ஒரு பங்கு மதத்தாலோ சாதியாலோ வந்ததல்ல, ஊரால் வந்தது. அதனால் அநீதி குறைந்துவிடாது, மருந்து மாறும்: ஊரால் வந்ததென்றால் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஊருக்குள்ளேயே பிளவு என்றால் ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, தனியாக வாழ்ந்தவர் இறந்தால் அந்த வீட்டில் பதில் சொல்ல ஆளே இல்லை. அந்தச் சாவு எந்த வீட்டுக் கணக்கிலும் வராது. இது எண்ணிக்கையைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. தனியாக வாழும் முதியவர்களில் விதவைகள் எத்தனை பேர் என்று யோசித்தால், பெண்களுக்கான 3.1கூடக் குறைவான மதிப்பீடாக இருக்க இடமுண்டு.

அந்தப் பெண்கள் விஷயம்தான் அமைச்சகத்தை ரொம்ப உறுத்தியது. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் கொரோனாவில் ஆண்கள் அதிகம் இறந்தார்கள், எங்கள் பதிவுகளும் அதையே சொல்கின்றன, ஆகவே இந்த முடிவு நம்பத்தக்கதல்ல என்பது வாதம். இங்கேதான் நான் அவர்களோடு முழுக்க விலகுகிறேன். எந்தப் பதிவு? 2020ல் சி.ஆர்.எஸ். என்கிற பிறப்பு இறப்புப் பதிவு முறையில் பதிவான மரணங்களில் ஆண்கள் 60.2 சதவீதம், பெண்கள் 39.8. மக்கள்தொகையில் கிட்டத்தட்டப் பாதிப் பெண்கள் இருக்க, சாவில் மட்டும் நாற்பது சதவீதமா? ஆண்கள் இறப்பு விகிதம் இயல்பாகவே கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இந்த வித்தியாசம் முழுவதையும் அது விளக்காது. இறப்புச் சான்றிதழ் எதற்காக வாங்குகிறோம்? பட்டா மாற்ற, இன்சூரன்ஸ் வாங்க, பேங்கில் பணம் எடுக்க, பென்ஷனுக்கு. இதெல்லாம் பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கிறது. பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பாட்டி இறந்தால், அவசரமாகத் தாலுகா ஆபீசுக்கோ பஞ்சாயத்து ஆபீசுக்கோ அலைய யாருக்கும் காரணம் இல்லை. பிழைகளை லாகில் எழுதாத சர்வரைக் காட்டி, பாருங்கள், இதில் பிழையே இல்லை என்று யாராவது சொன்னால் எங்கள் ஆபீசில் சிரிப்பார்கள்.

அமைச்சகம் தன் தரப்புக்குக் காட்டியதும் இதே சி.ஆர்.எஸ். மொத்தம்தான். 2019ஐவிட 2020ல் கூடுதலாகப் பதிவான மரணங்கள் 4.74 லட்சம். 2018ல் 4.86 லட்சம், 2019ல் 6.90 லட்சம் என்று முன்பும் இதே அளவு கூடியிருக்கிறது, பதிவு செய்யும் பழக்கம் வளர்வதால்தான் எண்ணிக்கை ஏறுகிறது என்றார்கள். ஆனால் ஊரடங்கின்போது பதிவு அலுவலகங்களுக்கே போக முடியாத மாதங்கள் இருந்த ஆண்டில், பழக்கம் எப்படி வழக்கம்போல வளர்ந்தது என்று சொல்லவில்லை.

போகட்டும். அதே சி.ஆர்.எஸ். 2020 அறிக்கையில் இன்னொரு அட்டவணை இருக்கிறது. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஒவ்வொரு மரணத்துக்கும் முன்னால் என்ன மருத்துவக் கவனிப்பு கிடைத்தது என்று பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ஆஸ்பத்திரியில் கவனிப்பா, ஆஸ்பத்திரிக்கு வெளியே கவனிப்பா, ஒன்றுமே இல்லையா. 2019ல் எந்த மருத்துவக் கவனிப்பும் இல்லாமல் இறந்தவர்கள் 34.5 சதவீதம். 2020ல் 45 சதவீதம். ஆஸ்பத்திரிக் கவனிப்போடு இறந்தவர்கள் 32.1 சதவீதத்திலிருந்து 28க்கு இறங்கினார்கள்.

சதவீதத்தை ஆட்களாக மாற்றிப் பாருங்கள். 2019ல் பதிவான மரணங்கள் சுமார் 76.4 லட்சம், அதில் 34.5 சதவீதம் என்றால் 26 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 2020ல் 81.2 லட்சம், அதில் 45 சதவீதம் 36.5 லட்சம். அதாவது ஒரே ஆண்டில், டாக்டரையோ நர்ஸையோ பார்க்காமல் இறந்தவர்கள் பத்து லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். மொத்த மரணம் கூடியதோ 4.74 லட்சம்தான். கூடுதலாக இறந்த அத்தனை பேரையும் இந்தக் கணக்கில் போட்டாலும் மிச்சம் ஐந்து லட்சம் பேர் இருக்கிறார்கள். முந்தைய ஆண்டாக இருந்தால் ஏதோ ஒரு வைத்தியம் பார்த்த பிறகு இறந்திருக்கக்கூடியவர்கள். படிவத்தை நிரப்புவதில் குழப்பம் இருக்கும், எல்லாப் படிவத்திலும் இருப்பதுதான். இருந்தாலும் பத்து சதவீதத்துக்கும் மேலான தாவலை கிளார்க் பிழை என்று ஒதுக்க முடியாது. வெளியிலிருந்து யாரோ போட்ட மதிப்பீடு அல்ல இது, அமைச்சகம் சாட்சிக்குக் கூப்பிட்ட அதே ஆவணம்.

வைரஸ் செய்த கேடு எவ்வளவு, நாம் எடுத்த நடவடிக்கை செய்த கேடு எவ்வளவு என்று பிரிக்க இந்த அட்டவணைதான் நல்ல தொடக்கம். காசநோயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2019ல் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட காசநோயாளிகள் சுமார் 24 லட்சம், 2020ல் சுமார் 18 லட்சம். ஆறு லட்சம் பேருக்கு நோய் தானாகப் போய்விடவில்லை. சளி பரிசோதிக்கும் லேப் ஆட்கள் கொரோனா வேலைக்குப் போனார்கள், நோயாளி ஊரைவிட்டு நடந்தே சொந்த ஊருக்குப் போனார். காசநோய் யாருக்கு அதிகம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். நெருக்கமான வீடு, குறைவான சாப்பாடு. கொரோனா டேஷ்போர்டில் இந்த ஆறு லட்சத்துக்கு எந்தக் கட்டமும் கிடையாது.

எண்ணுவதிலேயே ஏற்றத்தாழ்வு இருந்தால் சமத்துவ ஆய்வு எப்படித் தலைகீழாகும் என்பதற்கு மும்பை நல்ல உதாரணம். 2020 ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தகிசர் ஆகிய மூன்று வார்டுகளில் நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சேர்ந்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோயிருந்தது, மற்ற பகுதிகளில் 16 சதவீதம். பொதுக் கழிப்பறையும் நெரிசலும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இது ஒரு நேர்மையான சமத்துவ அளவீடு. ஆனால் அடுத்த படியில் கதை மாறியது. தொற்று இவ்வளவு, பதிவான மரணம் இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தபோது குடிசைப் பகுதிகளில் இறப்பு விகிதம் ரொம்பக் குறைவாக வந்தது. உடனே ஏழைகளுக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி, மண்ணில் புரண்டு வளர்ந்தவர்கள் என்ற பேச்சு கிளம்பியது. குடிசைப் பகுதிகளில் இளவயதினர் அதிகம் என்பதால் விகிதம் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டுதான். ஆனால் அந்த வகுத்தலைக் கவனியுங்கள். கீழே இருக்கும் எண் வீடு தேடிப் போய் ஊசி குத்தி எடுத்தது, மேலே இருக்கும் எண் பதிவேட்டில் ஏறிய மரணம். ஊருக்குத் திரும்பிப் போய் இறந்த கட்டடத் தொழிலாளி, டெஸ்ட் எடுக்காமல் வீட்டிலேயே இறந்தவர், இவர்கள் மேலே வரமாட்டார்கள். அதிகம் அடிபட்டவர் குறைவாக எண்ணப்பட்டால் அவர் நன்றாக இருந்த மாதிரியே கணக்கு காட்டும்.

தடுப்பூசி விஷயத்தில் இதே கதையின் இன்னொரு வடிவம். கோவின் தளத்தை என் தொழில் காரணமாகக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கிறேன். கோடிக்கணக்கானவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த அந்த வேலை சாதாரணம் இல்லை, அதை மறுப்பவன் நான் அல்ல. ஆனால் 2021 மே 1 அன்று 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குத் திறந்தபோது ஆன்லைன் பதிவு கட்டாயம், தளமோ ஆங்கிலத்தில் மட்டும். ஸ்லாட் திறந்த நொடியில் டெலிகிராமில் சொல்லும் பாட்களை எங்கள் ஆட்கள் எழுதினார்கள். பெருநகரத்து இளைஞர்கள் கார் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராம மையத்தில் போய் ஊசி போட்டுவந்தார்கள். கிராமத்துக்காரர் தன் ஊர் மையத்து ஸ்லாட்டையே பிடிக்க முடியவில்லை. ஜூனில் மற்ற மொழிகள் சேர்ந்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை, சத்தம் போட்ட பிறகு சேர்ந்தது. அந்த வயதினர் காசு கொடுத்துப் போட வேண்டிய நிலை பற்றியும், இணையம் இல்லாதவர் என்ன செய்வார் என்பது பற்றியும் உச்ச நீதிமன்றம் மே 31 உத்தரவில் கடுமையாகவே கேட்டது. ஜூன் 21 முதல் மத்திய அரசே கொள்முதல் செய்து, 18 வயது தாண்டிய எல்லோருக்கும் அரசு மையங்களில் இலவசம் என்று ஆனது.

கோவினில் நான் கவனித்த முக்கியமான விஷயம் அதன் டேட்டா மாடல். பெயர், வயது, பாலினம், அடையாள அட்டை. அவ்வளவுதான். பாலினம் என்று ஒரு பத்தி இருந்ததால்தான், 2021 ஜூனில் ஆண்கள் 1000 பேருக்குப் பெண்கள் 900க்கும் குறைவாகவே ஊசி போட்டிருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுத முடிந்தது. கேள்வி எழுந்தது, பிறகு அந்த இடைவெளி பெருமளவு குறைந்தது. தினக்கூலிக்காரர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி என்று எந்தப் பத்தியும் இல்லை, அதனால் அந்த இடைவெளிகளைப் பற்றித் தலைப்புச் செய்தியும் வரவில்லை.

அப்படியானால் எல்லாப் படிவத்திலும் சாதி, மதம் கேட்கலாமா? நான் அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட மாட்டேன். 2020 ஏப்ரலில் டெல்லி தப்லீக் ஜமாஅத் கூட்டத்தோடு தொடர்புடைய தொற்றுகள் என்று தினசரி அறிக்கையில் தனியாக எண் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அப்புறம் பெயரைச் சொல்லாமல் 'சிங்கிள் சோர்ஸ்' என்றார்கள், யாரைச் சொல்கிறார்கள் என்று தெருவில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு விரட்டிய நாட்கள் அவை. மதம் ஒரு புள்ளிவிவரமாக வெளியே வந்தது பழி சொல்ல மட்டும். யாருக்குப் படுக்கை கிடைக்கவில்லை என்று பார்க்க அது வரவில்லை. ஊசி போடும் மேசையில், அடையாள அட்டையோடு நிற்பவரிடம் சாதி கேட்டு ஒரே டேட்டாபேஸில் போட்டு வைப்பது ஆபத்து என்றே நினைக்கிறேன். அதற்குப் பதில் வார்டு வாரியாக, கிராமம் வாரியாக எண்ணிக்கையை வெளியிடலாம், எந்த வார்டில் யார் வாழ்கிறார்கள் என்பது மற்ற கணக்கெடுப்புகளில் இருக்கிறது. பெயரில்லாத மாதிரி ஆய்வு நடத்தலாம். என்.எஃப்.எச்.எஸ் மாதிரி ஒன்று இருந்ததால்தான் இந்தக் கட்டுரையே சாத்தியமானது.

அந்தக் கட்டுரையாலும் தொட முடியாத இடம் ஒன்று உண்டு. 2021 ஏப்ரல், மே. களப்பணி முடிந்த பிறகுதான் இரண்டாம் அலை உச்சத்துக்குப் போனது. ஆக்சிஜனுக்கு அலைந்த அந்த இரண்டு மாதங்களில் யார் எவ்வளவு இழந்தார்கள் என்று இந்தத் தரவு ஒன்றுமே சொல்லாது. 2021க்கான சி.ஆர்.எஸ். அறிக்கை வெளிவர 2025 மே ஆயிற்று. பதிவான மரணங்கள் சுமார் 102 லட்சம், அதாவது முந்தைய ஆண்டைவிட 21 லட்சம் அதிகம். பதிவுப் பழக்கம் வளர்ந்ததால் மட்டும் வந்தது என்று இதைச் சொல்லிவிட முடியாது.

இறப்புப் பதிவுக்கான படிவம் 2ஐ எடுத்துப் பாருங்கள். புள்ளிவிவரப் பகுதியில் இறந்தவரின் மதம், தொழில், கிடைத்த மருத்துவக் கவனிப்பு மூன்றையும் கேட்கிறார்கள். பெயரும் முகவரியும் இருக்கும் சட்டப் பகுதி வேறு, இந்தப் பகுதி வேறு, கிழித்துத் தனியாக அனுப்பும்படிதான் படிவமே அமைந்திருக்கிறது. 2020, 2021 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 1.8 கோடிக்கும் மேற்பட்ட மரணங்கள். மாதம், மாவட்டம், தொழில், மருத்துவக் கவனிப்பு இந்த நான்கையும் குறுக்காக வைத்து ஒரு அட்டவணை போட்டால், ஒருவர் பெயரும் வெளியே வராமல், சண்டையில் பாதி தீர்ந்துவிடும். ஒரு சாதாரண லேப்டாப்பில் சில நிமிஷ வேலை.